ஓமனா திறந்த இழுப்பறை

அத்தியாயம் 17

நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் மருமகளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஓமனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வியாழக்கிழமை நாகர்கோவிலுக்குக் கண்ணாடி வாங்கப் போயிருந்தாள். கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு மனநல மருத்துவமனை. அதன் வராந்தாவில், கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள் சுபிதா. பேர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. புதுக் கண்ணாடி போட்டு ஓமனா பார்த்த முதல் காட்சியே அதுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாள், சொன்னால் நம்ப வேண்டிவரும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஏழு நாள் மூடியிருந்தது. ஓமனாவின் வாய்க்கு அது பெரிய சாதனைதான்.

"ட்ரெய்னிங்குக்குப் போயிட்டு வாறேன் அத்தே" என்றுதான் வியாழன்தோறும் சுபிதா சொல்லிவிட்டுப் போகிறாள். ட்ரெய்னிங்குக்குப் போகிறவள் டோக்கன் எடுப்பாளா? சரி, எடுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அழுவாளா?

சுபிதா ஆலோசனை உளவியலில் பிஎச்.டி. செய்கிறாள். அந்தப் படிப்பைப் பற்றி மாமியாருக்கு என்ன தெரியும் என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். முதல் வருஷம் முழுக்கப் பாடமும் பரீட்சையும். ஆராய்ச்சி முறை, புள்ளியியல், நெறிமுறை என்று ஒவ்வொன்றும் ஒரு தலையணை கனம். நெறிமுறைப் பரீட்சைக்கு முந்தின வாரம், அடுக்களையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டதே ஓமனாதான்.

"ஒருத்தரு சொன்ன ரகசியத்த எப்பவெல்லாம் வெளிய சொல்லலாம்?"

தேங்காய் துருவிக்கொண்டே சுபிதா ஒப்பிப்பாள். "உயிருக்கு ஆபத்துன்னா. பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தா. கோர்ட்டு கேட்டா. இந்த மூணுக்கும் மட்டுந்தான் அத்தே."

"சரியாக்கும்" என்று ஓமனா பென்சிலால் ஒரு கோடு போடுவாள். சுபிதா முதல் மார்க் வாங்கியபோது, தானே பாஸானதுபோல இராஜாக்கமங்கலம் சந்திவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சந்தேகம் வந்தது இரண்டாம் வருஷத்தில். இனிமேல் பயிற்சி என்றாள் சுபிதா. அறுநூறு மணிக்கூர். கஷ்டத்தோடு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். அவர்கள் சம்மதித்தால் பதிவு செய்ய வேண்டும். அதை ஒரு வார்த்தை விடாமல் கையால் எழுதி, வழிகாட்டிப் பேராசிரியையிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதனால் சாயங்காலமானால் அறைக் கதவைச் சாத்திவிடுகிறாள். காதில் இயர்போன். மாமியார் சாயா கொண்டுபோனால் நோட்டை மூடுகிறாள். எழுதி முடித்ததும் ஒரு பழுப்பு ஃபைலில் வைத்து, ஃபைலை பீரோ இழுப்பறையில் வைத்து, இழுப்பறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள்.

மருமகள் பூட்டிவைக்கும் வீட்டில் மாமியாருக்கு என்ன மரியாதை? இதுதான் ஓமனாவின் கேள்வி. அதற்குள் இன்னொன்று இருந்தது. அது கேள்வியல்ல, பயம். மகன் பிரதீஷ் பதினான்கு மாதம் கழித்து மஸ்கட்டிலிருந்து வருகிறான். நாளை மறுநாள், சனிக்கிழமை. அவன் வருவதற்குள் இவள் இந்த வீட்டை விட்டுப் போக ஏதோ முடிவு செய்துகொண்டிருக்கிறாள்.

*

இன்று மறுபடியும் வியாழக்கிழமை.

"அத்தே, இறங்குகேன். இன்னைக்குக் கொஞ்சம் பிந்தும்."

"எதுக்குப் பிந்தும்?"

"இன்னைக்குக் கடைசி நாளு. கையெழுத்து எல்லாம் வாங்கணும்."

கடைசி நாள். வக்கீலிடம் போகிறவர்கள்கூட இப்படித்தான் சொல்வார்கள்.

"எங்க வச்சாக்கும் இந்த ட்ரெய்னிங்கு?"

சுபிதா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "நாகர்கோவில்ல ஒரு இடத்துல" என்றாள். பஸ் வரும் சத்தம் கேட்டு ஓடினாள்.

ஒரு இடத்தில்! இடத்துக்குப் பேர் இல்லையா?

மத்தியானச் சாப்பாட்டுக்கு உரக்கடையைச் சாத்திவிட்டு வந்த கணவர் சுயம்புராஜிடம் ஓமனா விஷயத்தை அவிழ்த்தாள். பெஞ்ச், டோக்கன், சிவந்த கண், கடைசி நாள், எல்லாம்.

சுயம்புராஜ் மீன்குழம்பைப் பிசைந்தபடி கேட்டார். முடிவில், "சந்தேகம் உண்டுன்னா அவகிட்டயே கேளு" என்றார்.

"கேட்டா சொல்லுவாளா?"

"கேக்காம எப்படித் தெரியும்? நீ அவ பெட்டியப் படுக்கைய நோண்டாத, கேட்டியா. மவன் வாற நேரம். வீட்ட வீடா வச்சிரு."

"பிரதீஷ் நேத்து ராத்திரி பேசுனான். அவனுக்க சத்தமே சரியில்ல."

"நேத்து என்னத்தப் பேசுனான்? தாங்கல் திருவிழா நோட்டீஸப் பத்தித்தான பேசுனான்?"

அது உண்மைதான். ஊர் நிழல்தாங்கல் கோயிலின் திருநாள் நோட்டீஸை ஓமனா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதை மஸ்கட்டில் தன் அறையில் கூடத் தங்கியிருக்கும் தோவாளைக்காரன் தாணுதான் வாசித்துச் சொன்னான் என்று பிரதீஷ் சிரித்தான். பிரதீஷை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தது ஓமனா. தமிழ் அச்சையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். கையெழுத்து என்றால் கைவிரித்துவிடுவான். "எனக்க மவனுக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் பாடு" என்று அந்தக் காலத்தில் அவள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுயம்புராஜ் கை கழுவிவிட்டுக் கடைக்குப் போனார். ஓமனா எச்சில் தட்டைக்கூட எடுக்கவில்லை. நேரே மருமகளின் அறைக்குப் போனாள்.

அந்த ஸ்டீல் பீரோ ஓமனாவுக்குச் சீதனமாக வந்தது. பிரதீஷ் கல்யாணத்தன்று அதைத் துடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். இழுப்பறைச் சாவி ஒன்றையும் கொடுத்தாள். இன்னொரு சாவி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக அது அவள் இடுப்புக் கொத்தில்தான் தொங்குகிறது.

மாமியார் வீட்டு பீரோவை நம்பிப் பூட்டுகிறாளே, இவள் படித்தது என்ன மனசைப் பற்றிய படிப்போ!

பழுப்பு ஃபைல் கைக்கு வந்தது. மேல் தாளில் பேர் இல்லை. வ–7 என்று ஒரு குறி. ஒன்பதாம் அமர்வு. கீழே சுபிதாவின் முத்துமுத்தான கையெழுத்து.

வந்தவர்: கல்யாணம் கழிஞ்சு ஒம்பது வருசமாச்சு. இன்னைக்கு வரைக்கும் மாமியாரு எனக்க பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல.

ஆலோசகர்: எப்படிக் கூப்பிடுவாங்க?

வந்தவர்: ஏட்டிம்பாங்க. இல்லன்னா, இந்தாம்பாங்க.

(மௌனம். பன்னிரண்டு வினாடி.)

ஓமனா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது வருஷம். பிரதீஷ் கல்யாணம் முடிந்தும் ஒன்பது வருஷம். அப்போது அந்த டாக்டரிடம் போய்த் தான் பேசியதைத்தான் இவள் எழுதிவைத்திருக்கிறாள். பேரைச் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லையா? யோசித்தாள். அடுத்த வீட்டில் பேசும்போது "எனக்க மருமவ" என்பாள். நேரில் ஏட்டிதான். ஓமனாவை அவள் மாமியாரும் அப்படித்தான் கூப்பிட்டாள். அதில் ஒரு குறை இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. அதைப் போய் ஒருத்தி பன்னிரண்டு வினாடி மௌனமாக இருந்து எழுதிவைத்திருக்கிறாளே என்று கண் நிறைந்துவிட்டது. நிறைந்த வேகத்திலேயே கோபமும் வந்தது.

அடுத்த தாளைப் புரட்டினாள்.

வந்தவர்: உப்பு மரவைய அவங்க ரூம்ல வச்சுப் பூட்டிருவாங்க. கறி வைக்கும்போ ஒவ்வொரு மட்டமும் போய்க் கேக்கணும். எடுத்தும் கையில தரமாட்டாங்க. தரையில வச்சுட்டுப் போவாங்க. நான் குனிஞ்சு எடுக்கணும்.

"நான் எப்பம் ஏட்டி உப்பப் பூட்டுனேன்?" என்று ஆளில்லாத அறையில் ஓமனா கத்தினாள். அவள் வீட்டு உப்பு மரவை, அந்த மரக்கிண்ணம், அடுக்களை மேடையில், எல்லாரும் பார்க்க, மூடிகூட இல்லாமல் இருக்கிறது. எப்பேர்ப்பட்ட பொய்! இதைத்தான் அந்த டாக்டர் முன்னால் போய் அழுதாளா?

கடைசித் தாள்.

வந்தவர்: அவரு லீவுல வாறதுக்கு முன்ன இங்க இருந்து போயிரணும்னு இருக்கேன். இது அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா ரெண்டு பிள்ளைகளையும் பிடிச்சு வச்சுட்டு என்னை மட்டும் எங்க வீட்டுல கொண்டு விட்டிருவாங்க.

ரெண்டு பிள்ளைகள் என்ற இடத்தில் ஓமனா கொஞ்சம் நின்றாள். பிரதீஷுக்கும் சுபிதாவுக்கும் இன்னும் பிள்ளை இல்லை. அங்கேயே ஃபைலை மூடி வைத்திருந்தால் இந்த வாரக் கதை இத்தோடு நின்றிருக்கும். ஆனால் சந்தேகம் பிடித்தவளுக்குத் நின்று யோசிப்பதற்கு நேரம் ஏது? 'பேரை மறைச்சவளுக்குப் பிள்ளையைச் சேர்க்கத் தெரியாதா? ஆள் தெரியாம இருக்கதுக்கு எழுதியிருக்கா' என்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

போனை எடுத்தாள். மூன்று தாளையும் வெளிச்சத்தில் வைத்து மூன்று படம். மகனுக்கு அனுப்பிவிட்டு, குரல் தழுதழுக்க ஒரு வாய்ஸும் போட்டாள்.

"மக்கா, இதப் படி. உனக்க பெண்டாட்டி எழுதி வச்சிருக்கதாக்கும். படிச்சிட்டு அம்மைக்குக் கூப்பிடு."

ஃபைலை வைத்தாள். பூட்டினாள். அடுக்களைக்கு வந்து உப்பு மரவையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

*

சுபிதா வந்தபோது மணி ஐந்தரை. முகம் கழுவிவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. கையில் சூடாக ஒரு பஜ்ஜிப் பொட்டலம்.

"அத்தே, இன்னைக்கோட நாப்பது மணிக்கூரும் முடிஞ்சு!"

"அறுநூறுன்னுல்லா சொன்ன?"

"அது நான் மத்தவங்களுக்குக் கேக்க வேண்டியது. இது வேற." பொட்டலத்தைப் பிரித்து மேடையில் வைத்தாள். "உங்ககிட்டச் சொல்லாம விட்டேன். தெரிஞ்சா பயந்துருவியன்னு. அடுத்தவங்க கஷ்டத்தக் கேக்கதுக்கு முன்ன, நாங்க ஒருத்தருக்க முன்ன போய் உக்காந்து எங்க கஷ்டத்தப் பேசணும். டோக்கன் எடுத்து, எல்லாரையும்போல பெஞ்சுல இருந்து. அதுவும் ட்ரெய்னிங்தான். நாப்பது மணிக்கூர் உக்காராம டிகிரி தரமாட்டாங்க."

ஓமனாவின் கையில் பஜ்ஜி அப்படியே நின்றது. பெஞ்சு, டோக்கன். சிவந்த கண்ணும்கூட இந்தப் படிப்பில் ஒரு பாடமா?

ஆனால் அந்த எழுத்து? அந்தப் பொய்?

"அப்பம் நான் உப்பப் பூட்டி வச்சேன்னு அந்த டாக்டரம்மாகிட்டயும் சொன்னியா?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது.

சுபிதா சிரிக்கப் போனவள், சிரிக்கவில்லை. "உப்பா?" என்றாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்தாள். நேரே அறைக்குப் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன.

திரும்பி வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தே, அது நான் இல்ல."

"நீதான எழுதியிருக்க?"

"எழுதுனது நான். பேசுனது வேற ஒரு பொம்பிள. என்னை நம்பி வந்து பேசுனவ. 'இது வெளிய போவாதுல்லா'ன்னு மூணு மட்டம் கேட்டுட்டுப் பேசுனவ. நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்."

"ரெண்டு பிள்ளைகள்" என்று ஓமனா முனகினாள்.

"ஆமா. அவளுக்கு ரெண்டு பிள்ளைய. எனக்கு எங்க இருக்கு?" சுபிதாவின் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உடைந்தது. "படிச்சது நீங்க மட்டும்தான?"

இந்தக் கேள்விக்கு ஓமனா பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. போனை எடுத்து நீட்டினாள்.

மூன்று படங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பார்த்தாகிவிட்டது என்று இரண்டு நீல டிக். சுபிதா அவசரமாக அழித்தாள். எல்லாருக்கும் அழி என்று அழுத்தினாள். அழிந்தது. பார்த்தது அழியுமா? கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

"பேர மறைச்சேன். ஊர மறைச்சேன்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். "உப்ப மறைக்கத் தோணலியே. எத்தன வீட்டுல உப்பப் பூட்டி வைப்பாங்க? அந்த வீட்டாளு ஆராவது பாத்தா அவ கதை முடிஞ்சு."

"ஆரு பாக்கப் போறா? பிரதீஷ் மட்டும்தான பாத்தான். நாம மூணு பேரும் வாயத் திறக்காண்டாம். அந்தப் பேராசிரியைக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே அத்தே."

"ஏட்டி, ரெண்டு வருசப் படிப்பு..."

"சனிக்கிழம காலத்த பத்து மணிக்கு மேடத்தப் பாக்கணும். நானே சொல்லணும். அவங்க முடிவு பண்ணட்டும். பயிற்சியவே ரத்து பண்ணுனாலும் பண்ணுவாங்க. அதவிட, அந்தப் பொம்பிளகிட்டச் சொல்லணும். அத எப்படிச் சொல்லுவேன்னுதான் தெரியல." நிலையிலிருந்து கையை எடுத்தாள். "மூணே மூணு விலக்குதான் அத்தே. நீங்கதான எங்கிட்டக் கேள்வி கேட்டிய?"

திட்டியிருந்தால் ஓமனா பதிலுக்கு நாலு திட்டி எழுந்து நின்றிருப்பாள். இவள் திட்டவில்லை. அறைக்குள் போய், கதவைச் சாத்தாமல், மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். கதவு திறந்து கிடந்ததுதான் ஓமனாவுக்குத் தாங்கவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கதவே சொல்வதுபோல இருந்தது.

*

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் சுயம்புராஜ் வந்தார். நிழல்தாங்கலில் கும்பிட்டு இட்டுக்கொண்ட நாமம் நெற்றியில் இருந்தது. வீட்டு நிலவரத்தை மோப்பம் பிடித்தவர்போல ஒன்றும் கேட்காமல் முற்றத்துக்குப் போனார். ஓமனா அடுக்களையிலேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மருமகளிடம் மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

போன் அடித்தது. பிரதீஷ்.

"அம்மா, நீ என்னத்த அனுப்புன?"

"அது தப்பா அனுப்பிட்டேன் மக்கா. உனக்க பெண்டாட்டி கதை இல்ல. அது ஆரோ ஒரு பொம்பிளைக்க கதை. நீ மறந்துரு. ஆருகிட்டயும் சொல்லாத."

ஓமனா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மக்கா, படிச்சியா?"

"நான் எங்க படிச்சேன்? எனக்கு அந்தக் கையெழுத்து ஓடுமா? நீ அழுதுட்டுப் பேசியிருந்த. நான் பதறிட்டேன். ரூம்ல தாணு அண்ணன்தான் இருந்தாரு. வாசிச்சுச் சொல்லுங்கண்ணேன்னு போனக் கொடுத்தேன்."

ஓமனாவுக்குத் தாணுவைத் தெரியும். போன வருஷம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பார்த்திருக்கிறாள். கூட அவன் அம்மா நின்றாள். அந்த அம்மாவுக்குப் பின்னால், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மெலிந்த ஒரு பெண்ணும் நின்றாள். அந்தப் பெண்ணை மாமியார்க்காரி, "ஏட்டி, பையப் பிடி" என்று சொன்னது இப்போது காதில் கேட்டது.

"வாசிச்சானா?" என்றாள்.

"முதல் பேப்பர வாசிச்சாரு. ரெண்டாவதுல உப்பு மரவன்னு வந்த இடத்துல நிறுத்திட்டாரு. பொறவு மீதிய மனசுக்குள்ளயே வாசிச்சாரு. போனத் திருப்பித் தந்துட்டு, 'பிரதீஷே, இது உனக்க வீடு இல்ல, எனக்க வீடாக்கும்'னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல. அவருக்கப் பின்னாலயே சுத்துனேன். சுபிதா போன் பண்ணும்போ எடுக்க முடியல."

"இப்பம் எங்க?"

"கட்டில்ல கிடக்காரு. பேச மாட்டேங்காரு. வீட்டுக்கும் கூப்பிடல. போன ஆஃப் பண்ணி வச்சிருக்காரு. ஆனா சனிக்கிழம எனக்க பிளைட்லயே டிக்கெட் போட்டாச்சு. எதுக்குன்னு கேட்டேன். 'வீட்டுல ஒருத்திகிட்ட ஒரு காரியம் கேக்கணும்'னு சொன்னாரு. அம்மா, அவரு மொகமே சரியில்ல."

ஒருத்தி என்றால் அம்மாவா, பெண்டாட்டியா? ஓமனா கேட்கவில்லை. போன் கட்டானதோ தானே கட் செய்தாளோ, அதுவும் தெரியவில்லை.

எழுந்தாள். உயிருக்கு ஆபத்துன்னா, பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தா, கோர்ட்டு கேட்டா. பென்சிலால் கோடு போட்டுக் கேட்ட பாடம் இப்போது வரிசையாக வந்து நின்றது. இதில் எது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவள் அந்த அறையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்று கூப்பிட வாயெடுத்தாள். ஏட்டி என்ற சொல் வரவில்லை. அந்தச் சொல்லை இனிமேல் எப்படிச் சொல்வது?

"சுபிதா" என்றாள்.

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன் பேரை மாமியார் வாயிலிருந்து கேட்ட சுபிதா, என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்பே பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.